கூழாங்கல் பாறைக்குள் விரிசல் எந்த வழியாகப் போகும்?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பது இது: “பெட்ரோலியம் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் நாகலாபுரம் பக்கம். கூழாங்கல் நிறைந்த பாறையில் எண்ணெய்க் கிணறு போட்டு, தண்ணீரை அழுத்தி விரிசல் உண்டாக்கினால், அந்த விரிசல் கல்லை உடைத்துக்கொண்டு போகுமா, சுற்றிக்கொண்டு போகுமா? புத்தகத்தில் எல்லா விரிசலையும் நேர்க்கோடாகவே வரைந்திருக்கிறார்கள். இன்னொன்று, போன வருஷம் எங்கள் போர்வெல்லுக்கு வண்டி கொண்டுவந்து தண்ணீரை அழுத்தினார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானா?”

தம்பி, நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான். ஊர் சத்தியவேடு. வேலைக்காலம் முழுக்க எண்ணெய்க் கிணறுகளில் போனது, அதில் பாதிக்கு மேல் ஃபிராக் வேலை, அதாவது நீங்கள் கேட்ட மாதிரி திரவத்தை அழுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குவது. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: இரண்டும் நடக்கும். ஒரே விரிசல் ஒரு கல்லை உடைத்து, அடுத்த கல்லைச் சுற்றி, அதற்கடுத்த கல்லின் முன்னால் நின்றுவிடவும் செய்யும். அது என்ன செய்யும் என்பதைக் கல்லின் உறுதி மட்டும் முடிவு செய்வதில்லை. கல்லுக்கும் அதைச் சூழ்ந்த மணலுக்கும் நடுவே இருக்கும் பிடிப்பு, பாறையைப் பக்கவாட்டில் நெருக்கும் இரண்டு அழுத்தங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், உள்ளே தள்ளும் திரவம் எவ்வளவு கெட்டி என்பது, இந்த மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. பிடிப்பைத்தான் நான் முதலில் வைப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பாறையைப் பார்ப்போம். நீங்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை. சத்தியவேட்டைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் ரோடு போட வெட்டிய இடத்தில் நின்று பாருங்கள். இரும்புச் சத்தால் சிவந்த மணற்கல்லும், அதற்குள் முட்டை அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கற்களும் தெரியும். வீட்டில் தெலுங்கும் பேசுவோர் குண்ட்ராயி என்பார்கள். புவியியலாளர்கள் இந்த அடுக்குக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள், சத்தியவேடு படிவு என்று. மேல் கோண்டுவானா காலத்தைச் சேர்ந்தது, டைனோசர்கள் வாழ்ந்த பழைய காலம். எல்லையைத் தாண்டி திருவள்ளூர்ப் பக்கம் அல்லிக்குழி மலையிலும் இதே மாதிரிக் கல் குவியல்தான். நகரி மலையின் குவார்ட்சைட் பாறை (வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிக் கெட்டியான மணற்கல்) உடைந்து, காட்டாற்று வெள்ளத்தில் உருண்டு, மலையடியில் விசிறி போலப் பரவிக் குவிந்து, பிறகு இறுகியது. கொசத்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தில் ஆதி மனிதர்கள் கோடரி செய்தது இந்த மாதிரிக் குவார்ட்சைட் உருண்டைகளில்தான். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த அந்தக் கருவிகளைச் சென்னை அருங்காட்சியகத்தில் பார்த்தால் ஒன்று புரியும்: குவார்ட்சைட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்கு உடையவும் தெரிந்த கல். சரியான இடத்தில் அடி விழுந்தால் உள்ளிருக்கும் மணல் மணியைச் சுற்றிப் போகாமல் அந்த மணியையே அறுத்துக்கொண்டு பிளக்கும்.

உருண்ட கற்கள் சேர்ந்து இறுகிய பாறைக்கு உருள்திரள் பாறை என்று பெயர். வேலை செய்யும் இடத்தில் கான்குளோமரேட் என்றே சொல்வோம். 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சரளை, 64 தாண்டினால் குண்டுக்கல், 256 தாண்டினால் பாறாங்கல் என்று அளவுக்கணக்கு உண்டு. நமக்கு அதைவிட முக்கியம், கற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றனவா, அல்லது மணலிலும் களிமண்ணிலும் தனித்தனியாக மிதக்கின்றனவா என்பது.

இப்போது கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு சரியான பதத்தில் இறங்கியிருந்தால், மிட்டாயை ஒடிக்கும்போது கடலையும் சேர்ந்து இரண்டாக ஒடியும். பாகு முற்றாமல் இளகியிருந்தால் கடலை முழுசாகப் பெயர்ந்து வந்துவிடும், அது இருந்த இடத்தில் குழி மட்டும் இருக்கும். இரண்டு மிட்டாயிலும் கடலை ஒன்றேதான். மாறியது பாகு. பழைய வீட்டை இடிக்கும்போதும் இதைப் பார்க்கலாம். சிமென்ட் குறைத்துப் போட்ட கான்கிரீட்டில் ஜல்லி முழுசாக உதிரும். உயர் வலிமைக் கான்கிரீட்டை உடைத்தால் ஜல்லியே வெட்டுப்பட்டு நிற்கும். பூமிக்கு மூன்று கிலோமீட்டர் கீழே உள்ள பாறைக்கும் இந்த விதி பொருந்தும். அங்கே பாகு என்பது கல்லைச் சுற்றிப் படிந்த கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்), சிலிக்கா (மணலின் மூலப்பொருள்), அல்லது வெறும் களிமண். சிலிக்கா படிந்திருந்தால் பிடிப்பு கெட்டி. களிமண் பூசியிருந்தால் கல் எத்தனை உறுதியானதாக இருந்தாலும் விரிசலுக்கு அதன் ஓரம் திறந்த கதவு.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. விரிசல் நீள்வதற்கு ஆற்றல் வேண்டும், புதிய பரப்பை உண்டாக்க ஆகும் செலவு அது என்று 1921-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காட்டினார். கல்லின் முன்னால் வந்து நிற்கும் விரிசலுக்கு இரண்டு செலவுகள் காத்திருக்கின்றன: கல்லை அறுக்க ஒன்று, ஓரத்தைப் பிரிக்க ஒன்று. விரிசல் செங்குத்தாக வந்து மோதுகிறது, இரண்டு பக்கப் பொருளும் ஒரே விறைப்பு, அதாவது அழுத்தினால் ஒரே அளவுதான் நெகிழும் என்று வைத்துக்கொண்டால், ஓரத்தின் உறுதி கல்லின் உறுதியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் விரிசல் ஓரத்தில் திரும்பும். அதற்கு மேல் இருந்தால் கல்லைத் துளைக்கும். ஹே, ஹட்சின்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1989-இல் போட்ட கணக்கு இது. விரிசல் சாய்வாக வந்து மோதினால் திரும்புவது இன்னும் எளிது. உருண்டைக் கல்லின் நட்டநடுவில் மோதும் விரிசல் துளைக்கவும், விளிம்பில் உரசும் விரிசல் வழுக்கிச் சுற்றவும் இதுவே காரணம். ஒரே அளவு, ஒரே உறுதி உள்ள இரண்டு கற்களில் ஒன்று உடைந்தும் ஒன்று முழுசாகவும் இருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். எங்கே மோதியது என்பதுதான் வித்தியாசம்.

விறைப்பு வேறுபட்டால் இன்னொன்று சேரும். குவார்ட்சைட் கல் மிகவும் விறைப்பு, சுற்றியுள்ள களிமணற்கல் அதில் மூன்றில் ஒரு பங்கு விறைப்பும் இருக்காது. மென்மையான பக்கத்திலிருந்து விறைப்பான கல்லை நெருங்கும் விரிசலின் முனையில் இழுவிசை குறைந்துகொண்டே வரும். கல் அதைத் தள்ளிவிடுகிற மாதிரி. அதனால் கல்லைத் தொடும் முன்பே கொஞ்சம் விலகி வளைவதுண்டு. மாறாக, கல் மக்கிப்போன எரிமலைக் கல்லாகவோ களிக்கல்லாகவோ இருந்து சுற்றிலும் உள்ளதைவிட மென்மை என்றால், விரிசல் அதை நோக்கி இழுபடும். ஆக, ஒரு கல்லின் முன் விரிசலுக்கு நாலு நடத்தை உண்டு: துளைப்பது, சுற்றுவது, நிற்பது, இழுக்கப்படுவது. பரிசோதனைச் சாலையிலும் கணினியிலும் இந்த நான்கையும் பார்த்திருக்கிறார்கள்.

சரி, விரிசல் முதலில் எங்கே பிறக்கிறது? அதற்கு ஆழத்தின் அழுத்தம் தெரிய வேண்டும். ஒரு மீட்டர் இறங்கினால் மேலிருக்கும் பாறையின் கனம் சுமார் 0.023 மெகாபாஸ்கல் கூடும். 3000 மீட்டரில் ஏறத்தாழ 70. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 0.2 தான், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்த மேலழுத்தத்தோடு, பக்கவாட்டிலும் இரண்டு திசையில் நெருக்கல் உண்டு, அவை இரண்டும் சமமாக இருப்பது அபூர்வம். திரவத்தை அழுத்தி உண்டாக்கும் ஹைட்ராலிக் விரிசல் இயல்பாக மிகக் குறைந்த நெருக்கலுக்குச் செங்குத்தாகத் திறக்கும், ஏனென்றால் அங்கேதான் தள்ளித் திறப்பது மலிவு. ஹபர்ட், வில்லிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1957-இல் ஜெலட்டின் கட்டிக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலைச் செலுத்தி இதைக் கண்ணுக்குக் காட்டினார்கள். ஆழத்தில் பொதுவாகக் குறைந்த நெருக்கல் பக்கவாட்டில் இருப்பதால் விரிசல் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

ஒரு கணக்கு பார்ப்போம். வெறும் துளையாக விட்ட நேர்க்கிணறு, திரவம் சுவருக்குள் கசியவில்லை என்று வைத்துக்கொள்வோம். குறைந்த நெருக்கல் 50, கூடிய நெருக்கல் 60, பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் திரவ அழுத்தம் 32, பாறையின் இழுவை உறுதி 5, எல்லாம் மெகாபாஸ்கலில். உடையும் அழுத்தம் என்பது குறைந்த நெருக்கலின் மூன்று மடங்கிலிருந்து கூடிய நெருக்கலைக் கழித்து, உள் அழுத்தத்தையும் கழித்து, இழுவை உறுதியைக் கூட்டினால் வருவது: 150-இல் 60 போக 90, அதில் 32 போக 58, அதோடு 5 சேர்த்து 63. கூடிய நெருக்கலை 66 ஆக்கிப் பாருங்கள், 57-லேயே உடைந்துவிடும். நெருக்கல் கூடினால் உடைப்பது கஷ்டம் என்றுதான் முதலில் தோன்றும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் நேர்மாறு.

கூழாங்கல் பாறையில் இந்தச் சூத்திரத்தை அப்படியே நம்பக் கூடாது. துளையின் சுவர் என்பது ஒரே பொருள் இல்லை. ஒரு இடத்தில் மணல், ஒரு இடத்தில் பாதி அறுபட்ட கல், ஒரு இடத்தில் கல்லின் ஓரம். அழுத்தம் ஏறும்போது விறைப்பான கல்லும் மென்மையான மணலும் ஒரே அளவு விரியாது. அந்த முரண் முழுக்க ஓரத்தில் சேரும், பெரும்பாலும் அங்கேதான் முதல் பிளவு பிறக்கும். ஒன்று இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று பிறக்கும். கேசிங் (சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய்) போட்டு, அதில் துளைபோடும் பெர்ஃபொரேஷன் துப்பாக்கியால் சுட்டுத் திறந்த கிணற்றில், துளை ஒரு பெரிய குவார்ட்சைட் கல்லுக்குள் போய் முடிந்தால் அந்தத் துளை பெரும்பாலும் திறக்காது. அதற்கு ஒரு அடி தள்ளி மணலில் விழுந்த துளை எளிதாகத் திறந்து எல்லாத் திரவத்தையும் வாங்கிக்கொள்ளும். கிணற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் உடைப்போம், ஒவ்வொரு பகுதியும் ஒரு ஸ்டேஜ். அதனால்தான் கான்குளோமரேட்டில் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஜ்களிலேயே உடையும் அழுத்தம் பெரிய அளவில் மாறும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கருவியில் கோளாறு என்று நினைத்து அழுத்தம் காட்டும் கேஜை மாற்றச் சொல்வார்கள். கேஜ் சரியாகத்தான் இருக்கும்.

பிறந்த பிறகு விரிசல் எவ்வளவு வளையும்? இங்கேதான் நெருக்கல் வித்தியாசம் ஆட்சி செய்கிறது. கல்லைச் சுற்றுவது என்றால் விரிசல் தனக்குப் பிடித்த திசையை விட்டு விலகிப் போக வேண்டும். விலகிய துண்டின் மேல் அழுத்தும் நெருக்கல், குறைந்த நெருக்கலோடு, வித்தியாசத்தை விலகு கோணத்தின் சைன் வர்க்கத்தால் பெருக்கிச் சேர்த்தது. 30 டிகிரி விலகினால் வித்தியாசத்தில் கால் பங்கு கூடுகிறது, 45-இல் பாதி, செங்குத்தாகத் திரும்பினால் முழுசும். விரிசலுக்குள் இருக்கும் திரவத்துக்குக் குறைந்த நெருக்கலை விடக் கூடுதலாக இருக்கும் அழுத்தம் வழக்கமாகச் சில மெகாபாஸ்கல்தான். வித்தியாசம் 3 என்றால் அந்தக் கூடுதல் அழுத்தத்திலேயே எங்கு வேண்டுமானாலும் திரும்பலாம், விரிசல் ஆற்றுப்படுகை மாதிரி வளைந்து கிளைத்துப் போகும். வித்தியாசம் 15 என்றால், ஓரத்தின் பிடிப்பு மெலிந்திருந்தாலும் அந்த ஓரத்தைத் திறந்து வைக்கும் அழுத்தம் கையில் இல்லை. கொஞ்ச தூரம் சுற்றிவிட்டு, மறுபடி தன் திசைக்கே திரும்பும், அல்லது கல்லை அறுத்துக்கொண்டு நேராகவே போகும். அப்போது நீங்கள் புத்தகத்தில் பார்த்த நேர்க்கோடு பொய்யில்லை. மேலிருந்து பார்த்தால் நேர்க்கோடு, கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் சின்னச் சின்ன நெளிவு.

உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் ஜுங்கார் படுகையிலுள்ள மாஹு. அங்கே கராமாய் என்ற ஊரில் 1955-இல் எண்ணெய் கண்டார்கள், கராமாய் என்றாலே உய்குர் மொழியில் கரிய எண்ணெய். பக்கத்திலுள்ள மாஹு தாழ்வில் டிரயாசிக், பெர்மியன் என்ற பழைய புவிக்காலங்களின் கான்குளோமரேட்டில் நூறு கோடி டன் அளவுக்கு இருப்பு உண்டு என்று 2017-இல் அறிவித்தார்கள். அதுவும் மலையடியில் விசிறி போலப் பரவி ஏரிக்குள் இறங்கிய படிவுதான், நம் நகரி மலையடி மாதிரி என்று சொன்னால் உங்களுக்கு மனதில் படம் வரும். காலமும் கல்லும் வேறு, செய்த வேலை ஒன்று. எண்ணெய் நிறைய இருந்தும் அதைக் கசியவிடும் திறன் பாறைக்கு மிகக் குறைவு, பாறைக்குள் படுக்கை வாக்கில் போகும் கிடைக் கிணறு போட்டு உடைக்காமல் ஒன்றும் வராது. அங்கே பக்கவாட்டு நெருக்கல் வித்தியாசம் 10 மெகாபாஸ்கலைத் தாண்டும் பகுதிகள் உண்டு, இயற்கையான வெடிப்புகளும் அதிகம் இல்லை. மெல்லிய அடுக்குகளான ஷேல் என்ற களிப்பாறையில் வருவதுபோல வலைப்பின்னல் விரிசல் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். நீண்ட, தனித்தனியான விரிசல்கள்தான் கிடைக்கும். ஆகவே வலையைப் பாறை தராவிட்டால் நாம் போட வேண்டும் என்று, கிடைக் கிணற்றில் துளைக் கூட்டங்களை நெருக்கி நெருக்கி வைத்து விரிசல்களை அடர்த்தியாக்கினார்கள். எனக்கு மிகவும் சரியாகப் படும் முடிவு அது. கல்லோடு சண்டை போடாமல், நெருக்கலின் போக்கை ஏற்றுக்கொண்டு திட்டம் போட்டது.

கான்குளோமரேட் என்றால் சீனா மட்டும் இல்லை. அலாஸ்காவின் குக் இன்லெட்டில் ஹெம்லாக் கான்குளோமரேட், வட கடலில் பிரே வயல், இங்கே குஜராத்தில் காம்பே படுகையின் அடியில் ஓல்பாட் படிவு, எல்லாம் இந்தக் குடும்பம். ஓல்பாடில் கற்கள் குவார்ட்சைட் இல்லை, தக்காண எரிமலைப் பாறை உடைந்த துண்டுகள். மக்கிய துண்டு, மக்காத துண்டு, நடுவே களிமண். முன்னால் சொன்ன நாலு நடத்தையும் ஒரே கிணற்றில் வரக்கூடிய பாறை.

அடுத்து திரவம். வெறும் தண்ணீரில் கொஞ்சம் பாலிஅக்ரிலமைடு சேர்த்து உராய்வைக் குறைத்தால் ஸ்லிக்வாட்டர். கெட்டியாக வேண்டும் என்றால் ஜெல். அந்த ஜெல்லுக்கு மூலம் குவார் பசை, அதாவது நம் கொத்தவரையின் விதை. சமையலுக்குப் பொரியல் செய்கிற அதே செடி. உலகத்துக் குவாரில் பெரும்பங்கு இந்தியாவில்தான் விளைகிறது, அதிலும் ராஜஸ்தானில். அமெரிக்காவில் ஷேல் கிணறுகள் பெருகியபோது 2012 வாக்கில் அந்த விதையின் விலை எங்கோ போனது. மாவைக் கரைத்து, வெங்காரத்தின் குடும்பமான போரேட் சேர்த்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வெண்டைக்காய்க் கொழகொழப்பைப் போலப் பல மடங்கு கெட்டியாகும். வேலை முடிந்ததும் அது மறுபடி தண்ணீராக உடைய வேண்டும், அதற்குத் தனி மருந்து சேர்ப்போம்.

கல் பாறையில் இந்தக் கெட்டித்தன்மை விரிசலின் குணத்தையே மாற்றுகிறது. நீர்த்த திரவம் கல்லின் ஓரங்களில் உள்ள நூலளவு இடைவெளிக்குள்ளும் முன்கூட்டியே ஊறிவிடும். ஊறினால் அங்கே அழுத்தம் போய்ச் சேரும், பிடிப்பு தளரும், விரிசல் பிரிந்து பிரிந்து போகும். கெட்டி ஜெல் அப்படி ஊறாது. அழுத்தம் பிரதான விரிசலுக்குள்ளேயே நிற்கும், அகலம் கூடும், முனையில் விசை குவிந்து கல்லைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும். பம்பின் வேகத்தைக் கூட்டினாலும் ஏறத்தாழ அதே விளைவு. எண்ணெய் எடுக்கிறவனுக்கு இரண்டுமே வேண்டும், கிளைகளும் வேண்டும், அகலமும் வேண்டும். அதனால் ஒரே ஸ்டேஜில் கலந்து செலுத்துவது வழக்கம்: கிணற்றோரத்தைத் திறக்க முதலில் கெட்டி, பிறகு நீர்த்தது, கடைசியில் மணலோடு மறுபடி கெட்டி.

மணல் என்றேன் அல்லவா, உண்மையில் கான்குளோமரேட் வேலையில் கஷ்டம் முழுவதும் அங்கேதான். விரிசலைத் திறந்தால் போதாது, பம்பை நிறுத்தியதும் பூமி அதை மூடிவிடும். மூடாமல் முட்டுக்கொடுக்க மணலோ பீங்கான் குண்டோ கொண்டு நிரப்ப வேண்டும், ப்ராப்பன்ட் என்பது இதுதான். ஒரு குண்டு தாராளமாகப் போக, விரிசலின் அகலம் அதன் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. 20/40 மெஷ் (சல்லடைக் கண் அளவு) மணலின் பெரிய மணி 0.84 மில்லிமீட்டர், அதற்கு இரண்டரை மில்லிமீட்டர் அகலம் வேண்டும். நேரான விரிசலில் இது கிடைத்துவிடும். கல்லைச் சுற்றும் இடத்தில்? அங்கே விரிசல் அதிக நெருக்கலை எதிர்த்துத் திறந்திருக்கிறது, ஆகவே அகலம் குறைவு. ஒவ்வொரு கல்லோரமும் ஒரு இடுக்கு. ஒரு இடுக்கில் நாலு மணி தோளோடு தோள் இடித்து நின்றால் போதும், பின்னால் வருவது எல்லாம் தேங்கும்.

ஒருமுறை, ஊரையும் கம்பெனியையும் சொல்லவில்லை, இந்த மாதிரிப் பாறையில் ஒரு ஸ்டேஜ். முந்தைய கிணறுகள் மணற்கல்லில் போட்டவை, அதே திட்டத்தை அப்படியே எடுத்து இங்கே கொண்டுவந்திருந்தார்கள். கோர், அதாவது ஆழத்திலிருந்து உருளையாக வெட்டி எடுத்த பாறை மாதிரி, இருந்த பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. திரையில் அழுத்தக் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. ஏறும் ஒவ்வொரு பல்லும் விரிசல் ஒரு கல்லின் முன் நின்ற நேரம், இறங்கும் ஒவ்வொன்றும் அதைத் துளைத்தோ சுற்றியோ தாண்டிய நேரம். அந்த ரம்பத்தைப் பார்த்தபோதே மணலின் அளவைக் குறைத்திருக்க வேண்டும். நான் சொன்னேன், கேட்கவில்லை. திரவத்தில் மணலின் அடர்த்தியை அடுத்த படிக்கு ஏற்றியதும் கோடு ஒரே நிமிடத்தில் சுவராக எழும்பியது. பம்புகள் தானாக நின்றன. பல நூறு மீட்டர் கேசிங் முழுக்க மணல். காயில்டு டியூபிங் (சுருளாகச் சுற்றிய நீண்ட இரும்புக் குழாய்) கொண்டுவந்து கழுவி எடுக்க நாலு நாள் ஆனது, அந்த ஸ்டேஜ் கடைசி வரை எண்ணெய் தரவில்லை. இதை ஸ்கிரீன் அவுட் என்போம். பிறகு வந்த ஸ்டேஜ்களில் அதைவிடச் சிறிய 40/70 மணலுக்கு இறங்கினோம், இன்னும் பொடியான மணலை முதலிலேயே சின்னச் சின்னத் தவணையாக அனுப்பிக் கிணற்றோர நெளிவுகளைத் தேய்த்துவிட்டோம், எல்லாம் ஒழுங்காகப் போயின. கோர்ப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே செய்திருக்கலாம். இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை.

நெளிவில் ஒரு நல்லதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லைச் சுற்றிய விரிசலின் இரண்டு முகமும் மேடு பள்ளமாக இருக்கும். ஒரு முகம் கொஞ்சம் நகர்ந்துவிட்டால், மூடும்போது மேடு பள்ளத்தில் உட்காராமல் மேட்டின் மேல் மேடு நிற்கும். மணல் போகாத இடத்திலும் வழி திறந்திருக்கும். களிமண் நிறைந்த பாறையில் இந்தப் பலன் சீக்கிரம் நசுங்கிவிடும். குண்டுமணி போலக் குவார்ட்சைட் நிறைந்த பாறையில் நிலைக்கும். அதே சமயம் உறுதியான கல்முகத்துக்கு நடுவே மாட்டிய சாதாரண மணல் 40 மெகாபாஸ்கல் பக்கம் நொறுங்கத் தொடங்கும், ஆழமான கிணற்றில் பீங்கான் குண்டுக்குச் செலவழிப்பது இதனால்தான். களிமண் முகத்தில் மணல் நொறுங்காது, ஆனால் சேற்றில் கால் புதைவது போலப் புதையும். ஒரே விரிசலில் இரண்டும் நடக்கும்.

பரிசோதனைச் சாலை முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 30 சென்டிமீட்டர் கனசதுரக் கல்லை மூன்று பக்கமும் நெருக்கி, நடுவே துளையிட்டு, நிறமிட்ட திரவத்தைச் செலுத்தி, பிறகு அறுத்தோ சி.டி. ஸ்கேன் எடுத்தோ பார்ப்பார்கள். உடையும் சத்தத்தைச் சுற்றிலும் உணரிகள் வைத்துப் பதிவார்கள். அருமையான வேலை. ஆனால் 30 சென்டிமீட்டரில் 5 சென்டிமீட்டர் கல் என்பது விரிசலின் பாதையில் பெரிய மலை. நூறு மீட்டர் நீளும் உண்மையான விரிசலில், அகலமும் கூடுதல் அழுத்தமும் முனையின் விசையும் வேறு அளவில் இருக்கும்போது, அதே கல் ஒரு சின்ன முடிச்சு. ஆகவே பரிசோதனைக் கட்டையில் விரிசல் கல்லைச் சுற்றியது என்றால் ஆழத்திலும் சுற்றும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிணற்றோரத்து முதல் சில மீட்டரில் கட்டை சொல்வது அப்படியே பொருந்தும் என்பது என் அனுபவம், மணல் சிக்குவதும் அங்கேதான் என்பதால் அந்தப் பரிசோதனைகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி உங்கள் போர்வெல். பெயர் ஒன்றுதான், ஹைட்ரோ ஃபிராக்சரிங். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியமும் கைப்பம்புக் கிணறுகளில் இதைச் செய்திருக்கிறது. கேசிங் பைப்புக்குக் கீழே, உறுதியான பாறையில் பேக்கர் என்ற ரப்பர் அடைப்பானை உப்ப வைத்துத் துளையை அடைத்து, கீழே தண்ணீரை அழுத்துவார்கள். அங்கே பெரும்பாலும் புதிய விரிசல் பிறப்பதில்லை. ஏற்கெனவே இருந்து, சேறும் பொடியும் அடைத்துப்போன வெடிப்பு திறந்து கழுவப்பட்டு, பக்கத்து வெடிப்போடு இணைகிறது. ஆழமும் வேறு: 60 மீட்டரில் மேலிருக்கும் பாறையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மெகாபாஸ்கல்தான். அந்த ஆழத்தில் மேலழுத்தமே மிகக் குறைந்ததாக இருப்பது சகஜம், ஆகவே திறப்பது படுத்த வாக்கில், தரைக்கு இணையாகத் திறக்கும். எண்ணெய்க் கிணற்றில் நிமிர்ந்து நிற்கும் விரிசலுக்கு நேர்மாறு. மணலும் பொதுவாகப் போட மாட்டார்கள். வெடிப்பின் முகங்கள் நகர்ந்து தாமாக முட்டுக்கொடுத்துக்கொள்ளும், மேலே கனமும் குறைவு.

உங்கள் நிலம் கருங்கல்லில் இருந்தால் இந்த முறைக்குப் பலன் இருக்கும், முன்பு தண்ணீர் வந்து குறைந்த போராக இருந்தால் இன்னும் நல்லது. சத்தியவேடு மாதிரிச் சிவப்புக் கூழாங்கல் படிவில் போட்ட போர் என்றால் நான் பணம் கட்டச் சொல்ல மாட்டேன். பேக்கர் உட்கார உறுதியான சுவர் இருக்காது, அழுத்தினால் கல் உதிர்ந்து துளை தூர்ந்துபோகும், மணல் கிளம்பி மோட்டாரையும் கெடுக்கும். அங்கே ஸ்லாட் (நீளவாக்குத் துளை) போட்ட கேசிங்கும், கம்ப்ரஸர் வைத்துப் பொறுமையாகக் கழுவுவதும்தான் வேலை செய்யும். வண்டி வந்தபோது முதலில் எந்த ஆழத்தில் பேக்கர் வைத்தார்கள், கேஜ் எத்தனை காட்டியது, திடீரென இறங்கியதா, மெல்ல இறங்கியதா என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். திடீரென இறங்கியிருந்தால் ஏதோ ஒன்று திறந்திருக்கிறது. மெல்ல இறங்கியிருந்தால் தண்ணீர் பேக்கரைத் தாண்டி மேலே கசிந்திருக்கவும் வாய்ப்புண்டு.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு சுத்தியலும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு அந்த ரோடு வெட்டுக்குப் போங்கள். சுவரின் அடியில் நிற்காதீர்கள், மழைக்குப் பிறகு கல் உதிரும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கீழே ஏற்கெனவே விழுந்து கிடக்கும் கட்டியில் ஒன்றை உடையுங்கள். உடைந்த முகத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம் வரைந்து, அதற்குள் எத்தனை கல் வெட்டுப்பட்டு நிற்கிறது, எத்தனை இடத்தில் வெறும் குழி இருக்கிறது, எத்தனை கல் முழுசாகத் துருத்திக்கொண்டிருக்கிறது என்று எண்ணுங்கள். குழிக்குள் விரலால் தேய்த்துப் பாருங்கள், சிவப்பு மண் ஒட்டுகிறதா, சொரசொரப்பாகப் படிவு இருக்கிறதா என்று. பத்துக் கட்டி உடைத்து எண்ணிய கணக்கை இங்கே போடுங்கள். கல் அளவையும் குழியில் கண்டதையும் சேர்த்து எழுதினால், ஓரத்தின் பிடிப்பை எப்படி மதிப்பிடுவது என்று அதை வைத்தே அடுத்துச் சொல்கிறேன்.